நடந்தால் நனையாது என்றவள்

மழை வந்தால் உலகம் இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. தலையில் கையை வைத்துக்கொண்டு தெறித்து ஓடுகிற கூட்டம் ஒன்று. நிதானமாக நடக்கிற கூட்டம் இன்னொன்று. முதல் கூட்டத்தில் ஊரே இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

சலவைக்கூடத்தில் அவளுக்கு அன்னநடை என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான், யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. அவளோ அதைப் பட்டம் கொடுத்த மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டாள். "அன்னநடை அக்கா!" என்று கூப்பிட்டால் "என்னம்மா?" என்று திரும்புவாள். அந்தத் திரும்பலையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டாள்.

சின்ன வயதிலேயே இந்தப் பிடிவாதம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட, இவள் மட்டும் தெருவை வேடிக்கை பார்த்தபடி வருவாள். வாசலில் அம்மா துண்டோடு நின்றுகொண்டு கத்துவாள்.

"எருமை மாடாடி நீ? ஓடி வரக்கூடாதா?"

"ஓடினாத்தாம்மா நிறைய நனையும்."

"இது என்னடி புதுசா இருக்கு!"

"நடந்தா தலை மேல விழற மழை மட்டும்தான் நமக்கு. ஓடினா, முன்னாடி தேமேன்னு விழுந்துக்கிட்டிருக்கிற மழையையும் நாமளே போய் முட்டி வாங்கிக்கிறோம்."

அம்மா அவளை உள்ளே இழுத்தாள். துண்டால் தலையை அழுத்தித் துடைத்ததில் கொஞ்சம் கோபத்தையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டாள்.

வாய்த்த புருஷனோ எதற்கெடுத்தாலும் ஓடுகிற மனிதர். பஸ்ஸுக்கு ஓடுவார், பாலுக்கு ஓடுவார், யாராவது பின்னால் நின்று தும்மினாலும் ஓடுவார். ஒரு மழையில் வீட்டு வாசல்வரை பத்திரமாக ஓடி வந்து, கடைசிப் படியில் வழுக்கி முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தார். அவ்வளவுதான், அவளுக்கு ஆயுசுக்கும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. "ஓடினவருக்குப் பல் போச்சு. நடந்தவளுக்கு என்ன போச்சு?" என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்பாள். பாவம், பல் போனவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

அவர் காலமான பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தாள். தம்பி வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே அவன் பொண்டாட்டி வந்திருந்தாள். அவளுக்குப் பட்டாசு என்று பெயர், சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவளும் அங்கேதான் துணி மடிக்கும் மேஜையில் வேலை பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே வேலைக்குக் கிளம்புவார்கள். மழை பெய்தால் பட்டாசு முன்னால் ஓடிப்போய் நின்று, நாத்தனார் வந்து சேரும்வரை வாயைக் கிளறுவாள்.

"அக்கா, ஷவருக்கு அடியில எவ்வளவு நேரம் நிக்கிறோமோ அவ்வளவு நனைவோம். சீக்கிரம் வெளிய வந்துட்டா கொஞ்சம்தான். இது கூடவா தெரியாது?"

"ஷவருக்கு அடியில நீ நிக்கிறே. மழைக்குள்ள நீ போய் மோதறே. ரெண்டும் ஒண்ணா? போடி."

வருஷக் கணக்காக இந்தச் சண்டை. இரண்டு பேரும் நனைந்துதான் இருப்பார்கள், யார் அதிகம் என்றுதான் தீர்ப்பு வராது.

இனி அந்தச் சலவைக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே இரண்டு பக்கங்கள் உண்டு. ஈரப்பக்கத்தில் அழுக்குத் துணி வரும், ப்ளீச் கலந்த தண்ணீர்த் தொட்டியில் ஊறும், மிஷினில் சுற்றும். காய்ந்தபக்கத்தில் சூடான இஸ்திரி ரோலருக்குள் போய் மொடமொடவென்று வெளியே வரும். அன்னநடை முதலில் ஈரப்பக்கத்தில்தான் சேர்ந்தாள். ப்ளீச் அவள் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது, விரல் இடுக்குகள் வெடித்தன. ரப்பர் கையுறை போட்டால் அதற்குள்ளே இன்னும் மோசமாகப் புண்ணாயிற்று. தலை வாரினால் கையில் முடி சிக்கி இழுக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். டம்ளரைக்கூட மணிக்கட்டால் அணைத்துத்தான் தூக்குவாள். கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் காய்ந்தபக்கத்துக்கு மாற்றல் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் கை கையாக ஆயிற்று.

காய்ந்தபக்கத்தில் அவளுக்குச் சுமக்கிற வேலை. ரோலரிலிருந்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவார்கள். அந்த அடுக்கை இரண்டு கையிலும் ஏந்தி, திறந்த முற்றத்தைக் கடந்து, எதிரே உள்ள டெலிவரி ரூமில் சேர்க்க வேண்டும். முற்றத்துக்குக் கூரை கிடையாது, உயரமான லாரிகள் அங்கேதான் திரும்பும். தள்ளுவண்டி ஒன்று இருந்தது. நடுவில் ஓடும் சாக்கடையின் மூடியில் சக்கரம் மாட்டி, மொத்த விரிப்பும் சேற்றில் கவிழ்ந்த பிறகு அதை ஓரங்கட்டிவிட்டார்கள். குடை பிடிக்க மூன்றாவது கை வேண்டும். பிளாஸ்டிக் போட்டு மூடலாமே என்று கேட்பீர்கள். சூடு ஆறாத துணியை மூடினால் உள்ளேயே வேர்த்துவிடும், மழையே தேவலை. அதனால் சுமக்கிறவர்களுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ரோலரிலிருந்து வந்ததும் சுடச்சுட எடு, திறந்தபடியே கொண்டு போ, போகிற வழியில் ஆவி பறந்துவிடும்.

வெயில் நாளில் இதில் ஒரு வம்பும் இல்லை. வம்பு வந்தது மழைக்காலத்தில். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து விரிப்புகள் திரும்பி வந்துவிட்டன. ஈர வாடை அடிக்கிறது, பிறந்த குழந்தைகளை இதில் போட முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சூப்பர்வைசர் கெட்ட மனிதரில்லை, ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரையும் ரோலர் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. மழையில ஓடிப் போய் சேருங்க. யாராவது ஆடி அசைஞ்சு நடந்து போய் துணியை நனைச்சீங்கன்னா, அவங்க ஈரப்பக்கம். இதுல மாத்தமே கிடையாது."

அவர் பொதுவாகத்தான் பார்த்துச் சொன்னார். ஆனால் மொத்தக் கூடமும் அன்னநடையைத்தான் பார்த்தது.  அவள் கையிரண்டையும் தன்னையறியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். மறுபடியும் அந்தத் தொட்டிகளா? செத்தாலும் போகமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டவள், கூட்டம் கலைந்ததும் நேரே அவரிடம் போய் நின்றாள்.

"சார், ஓடினா நனையாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"இதையெல்லாம் யாராவது சொல்லணுமாம்மா?"

"நடந்தாத்தான் கம்மியா நனையும். நான் பொறந்ததுலேர்ந்து நடக்கறேன், எனக்குத் தெரியாதா? இங்கதான் தராசு இருக்கே, வச்சுப் பாத்துடலாம். ஒரே மாதிரி ரெண்டு அடுக்கு. ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு நடக்கட்டும். எது எடை கூடியிருக்கோ அது நனைஞ்சது."

வருகிற துணி, போகிற துணி எல்லாவற்றையும் எடை போடுகிற இடம் அது. வேறெங்கே இருந்தாலும் இந்த யோசனை தோன்றியிருக்காது. சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"சரி. நீங்க ஜெயிச்சா நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். தோத்தா பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்."

ஓடுவதற்குப் பட்டாசைத்தான் எல்லோரும் கை காட்டினார்கள். அவள் பதறிவிட்டாள். "ஐயையோ, நான் மாட்டேன்பா! ஒரே வீட்டுல இருக்கோம். ராத்திரி என்னை வெளியில படுக்க வச்சிடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். வீடு திரும்பும் வழியில்தான் பட்டாசு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் வேணும்னா கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அன்னநடை நின்றுவிட்டாள். "ஏனோதானோன்னு ஓடினே, அப்புறம் இருக்கு உனக்கு. உசுரைக் குடுத்து ஓடு. ஜெயிச்சா உருப்படியா ஜெயிக்கணும்."

மறுநாள் காலையிலேயே வானம் கொட்ட ஆரம்பித்தது. வேலையை நிறுத்திவிட்டுக் கூடமே வாசலில் திரண்டது. ஆளுக்கொரு அடுக்கு, விரிப்புகளின் எண்ணிக்கை ஒன்று. பட்டாசு மடிக்கிறவள், அவள் மேஜைக்குப் பின்னால் அலமாரியில் இருந்த அடுக்கை எடுத்து வந்தாள். அன்னநடை சுமக்கிறவள், வழக்கம்போல ரோலர் வாயிலிருந்து சுடச்சுட ஒன்றை ஏந்தி வந்தாள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முற்றத்தைக் கடந்து, டெலிவரி ரூம் கதவைக் காலால் தொட்டுவிட்டு, அப்படியே திரும்பி வந்து எடை போட வேண்டும். இதுதான் பேச்சு.

முதலில் பட்டாசு. ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்து இன்னொரு முடிச்சுப் போட்டாள். பிறகு பாய்ந்தாள் பாருங்கள், பெயருக்கு ஏற்ற மாதிரிதான்! சாக்கடை மூடியை ஒரே தாண்டு. போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அவள் அடுக்கைத் தராசில் வைத்தார்கள். எண் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்ததால் இரண்டு பேர் அதற்கு ஒரு சண்டை போட்டு, இறக்கி ஏற்றி, ஒருவழியாக முடிவுக்கு வந்தார்கள். இத்தனை நேரமும் அன்னநடையின் அடுக்கு மேஜைமேல் லேசாகப் புகைந்துகொண்டு கிடந்தது.

அடுத்து அவள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினாள். யாரோ விசிலடித்தார்கள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. தான் நடக்கிற நடைதான் உலகத்திலேயே சரியான நடை என்பது போல நடந்தாள். போய்த் தொட்டாள், திரும்பினாள், வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அடுக்கைத் தராசில் வைத்தாள்.

எடை கூடியிருந்தது. ஆனால் பட்டாசின் அடுக்குக்குக் கூடிய அளவு கூடவில்லை.

கூடம் அதிர்ந்தது. "அடி சக்கை!" என்று ரோலர்காரர் கத்தினார். சூப்பர்வைசர் தராசைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "நம்பவே முடியலைம்மா. சரி, சொன்னா சொன்னதுதான். உங்க இஷ்டப்படி நடங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டாசு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கச் சொல்லி யாரும் நம்பாத ஒன்றைத் தராசு சொல்லிவிட்டது. அன்னநடைக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவள் மட்டும் இரண்டு அடுக்கையும் மறுபடி ரோலருக்கு அனுப்புவதற்காக மேஜைக்கு வந்தாள். தன் அடுக்கின் மேல் விரிப்பை எடுத்துப் போட்டாள். அடுத்ததும் ஈரம். அதற்கு அடுத்ததும் ஈரம். அதற்குக் கீழேயும் கை வைத்தால் சில்லென்றிருந்தது. பட்டாசின் அடுக்கைப் பிரித்தாள். மேல் விரிப்பு மட்டும் நனைந்திருந்தது. இரண்டாவதில் அங்கங்கே திட்டு. அதற்குக் கீழே காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது.

தராசு ஒன்று சொல்கிறது, துணி வேறொன்று சொல்கிறதே! இரண்டு அடுக்கையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சுரீரென்று உறைத்தது. தன் அடுக்கு சூட்டோடு எடை போட்டது. பட்டாசு நாடா கட்டி, ஓடி வந்து, சண்டை முடிகிறவரை அது ஆவியை விட்டுக்கொண்டே கிடந்தது. நடக்கப் போகும் முன்பே எடை இறங்கிவிட்டது. இறங்கின இடத்தை மழை நிரப்பியிருக்கிறது. அலமாரியில் ஆறிக் கிடந்த பட்டாசின் அடுக்குக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. சுடச்சுட எடுத்தே பழகின கை, அவ்வளவுதான்.

யாருக்கும் தெரியாது. இரண்டையும் உருட்டி ரோலருக்குள் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வெடிப்பு இல்லாத கை. அதைக் காப்பாற்றுவதற்காகத்தானே இத்தனையும்? பேசாமல் இரு, பேசாமல் இரு என்று மனசு கெஞ்சியது. ஆனால் ஈரமான அந்த விரிப்பு இன்னொரு கையில் இருந்தது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையை இதில்தானே போடுவார்கள்? தான் நடந்து நடந்து எத்தனை அடுக்கை இப்படி நனைத்து அனுப்பியிருப்போம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. அதை விழுங்கிவிட்டு டீ குடிக்கிற இடத்துக்குப் போனாள்.

"சார், அது செல்லாது."

"எது செல்லாது?"

"நான் ஜெயிச்சது."

சூட்டைப் பற்றிச் சொன்னாள். ஈரத்தைப் பற்றியும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பட்டாசு அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, உங்களுக்கென்ன பைத்தியமா? யாராவது கேட்டாங்களா? உங்க கை என்னாகறது?"

"விடுடி. ஜெயிச்சது நான் இல்ல, சூடுதான் ஜெயிச்சிருக்கு. ஆறினதுல ரெண்டு எடு. மறுபடி ஓடு."

மறுபடி ஓட்டம், மறுபடி நடை. இந்தத் தடவை விசிலும் இல்லை, சிரிப்பும் இல்லை. தராசில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நடந்த அடுக்குதான் கனத்திருந்தது. அவள் விடாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தாள். முன்விளிம்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஈரம். ஓடினவள் மழையில் போய் மோதினது வாஸ்தவம்தான், நடந்தவளும் அதே மழையில் மோதிக்கொண்டுதான் போயிருக்கிறாள். மேல்பக்கம்தான் குட்டை உடைத்தது. வெளியே எவ்வளவு நேரம் இருந்ததோ அவ்வளவு நேரமும் அதன்மேல் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தான் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"நீ சொன்னதுதாண்டி சரி" என்றாள் பட்டாசிடம். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பட்டாசுக்குத் தெரியும். அதனால் அவள் வாயே திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருந்ததை அன்றுதான் கூடம் பார்த்தது.

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்களா வந்து சொன்னீங்க, எனக்கே ஒரு மாதிரி இருக்கு. ஆனா எல்லார் முன்னாடியும் பேசின பேச்சு. ஆஸ்பத்திரிக்கு நான் பதில் சொல்லணும். ஈரப்பக்கம்…"

"ஒரு நிமிஷம் சார். நீங்க சொன்னது என்ன? நடந்து போய் நனைக்கிறவங்க ஈரப்பக்கம்னு சொன்னீங்க. சரியா?"

"ஆமா."

"இனிமே நான் நடப்பேன்னு யார் சொன்னா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, பெருத்த இடுப்பு. "நீங்களா? ஓடறதா? இந்த வயசுல வழுக்கி கிழுக்கி விழுந்து வச்சீங்கன்னா…"

"என் வயசைப் பத்திக் கவலைப்பட வீட்டுல ஆள் இருக்கு. ஆஸ்பத்திரி லாரி நிக்குது. அடுக்கைக் குடுங்க."

யாரும் நகரவில்லை. அவளே போய் ஒரு புது அடுக்கை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மழை கொஞ்சமும் குறையவில்லை. கால் வராது என்றே அவளுக்குத் தோன்றியது.  தொட்டி ஞாபகம் வந்தது, புருஷனுக்குப் போன பல் ஞாபகமும் வந்தது. இரண்டையும் உதறிவிட்டு ஓடினாள்.

அதை ஓட்டம் என்று சொல்ல ஒரு தாராள மனசு வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் போயிற்று, கால் ஒரு பக்கம் போயிற்று. மூச்சு இரைகிற சத்தம் மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் ஒரு கால் சறுக்கியது. கூடமே "ஐயோ!" என்றது. அவள் அடுக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாளே தவிர நிற்கவில்லை. தாண்டினாள். டெலிவரி ரூமுக்குள் போய் விழாத குறையாக அடுக்கை மேஜையில் வைத்தாள்.

டெலிவரிக்காரர் மேல் விரிப்பைத் தூக்கினார். அடுத்ததைத் தொட்டுப் பார்த்தார். அதற்கு அடுத்ததையும் பார்த்தார். "காஞ்சிருக்கு" என்று இந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார். மேல் விரிப்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியை லாரிக்கு அனுப்பினார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடுத்த அடுக்கை எடுப்பதற்காகக் கிளம்பி, அடி மேல் அடி வைத்து, கொட்டுகிற மழையில் தன் பாட்டுக்கு நடந்து வந்தாள்.

பட்டாசுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா! ஓடி வாங்கக்கா! இப்பதானே பார்த்தீங்க? நனையறீங்க பாருங்க!"

"கத்தாதேடி" என்றாள் அவள், வேகத்தைக் கூட்டாமல். "வெறுங்கையோடதானே வரேன். நனையறது நான்தானே?"